அந்திச் சாப்பாட்டு நேரத்து அடிகள்

"கேப்டனுக்கு விரல் வலிக்காதுப்பா. மெஷினுக்கு எங்க வலிக்கும்?"

விளையாட்டுக் குழுவின் வாட்ஸப்பில் இளவரசன் போட்டிருந்த அந்த ஒற்றை வரியை அனுபமா தான் நடத்தும் டேலி கணக்குப்பதிவு வகுப்பின் நடுவே படித்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பயிற்சி மையம் அது. மாணவிகள் ரசீதுப் பதிவுகளில் தலைகவிழ்ந்திருந்தார்கள். வரிக்குக் கீழே சிரிப்பு முகங்கள் வரிசை கட்டியிருந்தன. எதிரணியினர் சிரித்திருந்தால் அவள் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். தன் அணியைச் சேர்ந்த ஒருவனும் ஒரு சிரிப்பைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தான் என்பதைக் கண்டபோதுதான் காது மடல் வரை சூடேறியது.

கையில் மார்க்கரைப் பிடிக்க முடியவில்லை. வலது கை ஆள்காட்டி விரல் முந்தின நாள் இரவிலிருந்தே வீங்கிக் கிடந்தது. அம்மா விளக்கெண்ணெய் தடவி, மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். ஞாயிறு மதியம் தொடங்கி, கடைகளில் விளக்கு எரியத் தொடங்கிய பிறகும் நீண்ட போட்டியில் அந்த விரல் ஓயாமல் மவுஸை அழுத்தியிருந்தது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே, மெஷின் என்ற சொல்லையும் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. மிச்ச வகுப்பை நாளைக்கு என்று சொல்லிவிட்டுச் செங்கம் சாலைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

சுரங்கம் என்ற அந்த விளையாட்டு பெரிய அறிவைக் கோருவதன்று. திரையில் ஒரு குள்ளன் பாறைமுன் சம்மட்டியோடு நிற்பான். மவுஸை ஒருமுறை அழுத்தினால் பாறைமேல் ஓர் அடி விழும். பாறைக்குள் தாது ஓடும் நரம்பைக் கண்டுபிடித்து அடித்தால் அந்த அடிக்கு மதிப்பு கூடும்; மொத்த மதிப்பு கூடிய அணிக்கு வெற்றி. நரம்பு தேடுவதில் கொஞ்சம் மூளை வேலை, மற்றதெல்லாம் விரல். மாநிலப் போட்டிக்குச் சென்னை செல்ல வேண்டிய அணியைத் தேர்ந்தெடுக்க, ரமணாசிரமத்தைத் தாண்டிக் கேமிங் சென்டர் வைத்திருக்கும் சடையன் இந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை நடத்தினார். சென்டரில் உட்கார்ந்தும் விளையாடலாம், வீட்டிலிருந்தும் விளையாடலாம்; அனுபமா வீட்டிலிருந்தே ஆடினாள். களைத்தவர் எழுந்து போகலாம். திரும்பி வரும்வரை அவருடைய குள்ளன் சும்மா நிற்பான். ஆனால் அடி என்றால் கையால் அடித்த அடி. தானாகவே கிளிக் செய்துகொண்டிருக்கும் மென்பொருள் எதையும் யாரும் வைக்கக் கூடாது. இரண்டு அணிகளும் சடையன் முன்னால் வாய்விட்டு ஒப்புக்கொண்ட விதி அது.

அனுபமாவின் அணி மயிரிழையில் வென்றிருந்தது. சடையனின் சென்டரில் ஒரு பெண் தலைமையேற்ற அணி வென்றது இதுவே முதல் முறை. பொம்பளைங்க விரலுக்கு அவ்வளவு நேரம் தெம்பு ஏது என்று போட்டிக்கு முன்பு பேசியவர்களெல்லாம் ஞாயிறு இரவு வாயடைத்துப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை மதியத்துக்குள் அவர்களுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது.

வெள்ளைக்காரர்கள் வாழைப்பழ அடை தின்னும் காபிக் கடைக்கு மேலேதான் சென்டர். படியேறும்போதே உள்ளே இளவரசனின் சிரிப்பு கேட்டது.

"யார்ரா மெஷினு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான் இளவரசன். கல்லூரியில் அவளுடைய வகுப்பில் படித்தவன். இப்போது எதிரணியின் தலைவன். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. "வா கேப்டன். சார்ஜ் போட்டுக்கினு வந்தியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதப் பாரு. நல்லா பாரு. மெஷினுக்கு வீங்குமா?"

"வீங்கினது வீங்கினதுதான். நீ அடிக்கவே இல்லன்னு நான் சொல்லல. அந்தி நேரத்துல அடிச்சது யாருன்னுதான் கேக்கறேன்."

"நான்தான்."

"நான் பக்கத்துப் பாறைல நின்னுக்கினு உன் குள்ளனையே பாத்துக்கினு இருந்தேன் அனு. மத்த நேரமெல்லாம் ரெண்டு அடி அடிப்பே, நிப்பே, நரம்பு எங்கன்னு பாப்பே, நகருவே. பொழுது சாயற நேரம் வந்துச்சு, ஒரே எடம், ஒரே தாளம். வெறுங்கல்லப் போட்டு இடிச்சிக்கினு இருந்தான் உன் ஆளு. நரம்பு கைக்கெட்டற தூரத்துல மின்னிக்கினு கெடக்குது, திரும்பிக்கூடப் பாக்கல. நீயா அடிச்சா வுடுவியா அத?"

"விரல் செத்துப்போச்சு. யோசிக்க முடியல. அப்படியே அடிச்சிக்கினு இருந்தேன். எடத்த வுட்டு எழுந்திருக்கவே இல்ல நான்."

சொன்ன மறுகணமே அது தேவையில்லாத சொல் என்று அவளுக்கு உறைத்தது. இளவரசனின் குரல் தணிந்தது. கிண்டல் போய் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த நிதானம் கிண்டலைவிட மோசமாக இருந்தது.

"எழுந்திருக்கவே இல்லையா? காலேஜ் டூர்ல உனக்காக மலைப்பாதைல பஸ்ஸ நிறுத்தினோமே, ஞாபகம் இருக்குதா? இருட்டறதுக்குள்ள அந்தப் பொண்ணு சாப்பிடணும்னு டிரைவர்கிட்ட நான்தான் சண்ட போட்டேன். பஸ்ஸே உன் டிபன் டப்பாவப் பாத்துக்கினு நின்னுச்சு. அந்த அனு நேத்து இருட்டினப்புறம் சாப்பிட்டாளா? இல்ல பட்டினியா படுத்தாளா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. உங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கறேன்."

அனுபமாவின் குடும்பம் சமணக் குடும்பம். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், ஜினாலயத்தை ஒட்டிய தெருவிலிருந்து நகரத்துக்குக் குடிவந்தவர்கள். வந்த இடத்தில் பழைய ஒழுங்குகள் பலவும் கழன்று போயின. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்ற ஒன்று மட்டும் அவளிடமிருந்து கழலவில்லை. அதைக் கட்டுப்பாடு என்றுகூட அவள் எண்ணியதில்லை; மூச்சு விடுவதைப்போல் நடந்துகொண்டிருப்பது அது. எழுந்திருக்கவில்லை என்ற பொய் எவ்வளவு எளிதாக வாயில் வந்ததோ, அவ்வளவு கடினமாக இருந்தது, இருட்டில் சாப்பிட்டேன் என்ற பொய்.

"சாப்பிடப் போனேன்" என்றாள். "அந்தக் கொஞ்ச நேரம் என் தம்பி உக்காந்தான். கையால அடிச்சான். மெஷின் இல்ல."

அறையில் ஒரு சலசலப்பு ஓடியது. அவளுடைய அணியின் மதிவதனி மூலையிலிருந்து எழுந்து வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். "எங்கிட்ட சொல்லலியே அனு. தண்ணி குடிக்கப் போறப்பகூட நான் மவுஸ வெச்சிட்டுத்தான் போனேன்."

"கொஞ்ச நேரம்தாண்டி."

"இன்னொருத்தன் தோள்ல ஏறி மலையச் சுத்தினா கிரிவலக் கணக்கு உண்டாண்ணா?" என்று எவனோ குரல் கொடுத்தான்.

"ஆட்டோல சுத்தறவனே கணக்குல சேத்துக்கறான், நீ போடா" என்று சடையன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். தடித்த உடம்பு. ஆனால் ஓசையில்லாமல் நடப்பவர். "இருங்கப்பா. இளவரசா, நேத்து கீழ எவனோ வண்டிய எடுன்னு ஆரன் அடிச்சானே. நீ ஓடினியே. அப்ப உன் மவுஸ யாரு புடிச்சா?"

இளவரசன் ஹெட்போனைக் கழற்றினான். "மாமா பையன்ணா. அது வண்டி எடுக்கற நேரம்தானே."

"ஜாஸ்தியா கம்மியான்னு நான் கேக்கல. கை மாறிச்சா இல்லியா? எல்லாரும் மாத்திக்கினுதான் இருக்கீங்க, எனக்குத் தெரியாதா. அத நான் பெருசா எடுத்துக்கல. மெஷின் வெச்சிருந்தா மட்டும் வுட மாட்டேன். ஏம்மா, நாளைக்கு உன் தம்பிய இட்டுனு வா. கையாலதான் அடிச்சேன்னு அவன் வாயால சொல்லட்டும். முடிஞ்சுபோச்சு."

"அவன் என்னாண்ணா சொல்றது, நானே சொல்றேன். கைதான். என்மேல சத்தியம். எங்க வீட்டுல அந்த மாதிரி திருட்டு வேலை எல்லாம் கெடையாது."

மதிவதனி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு வந்து அவள் தோளோடு தோளாக நின்றாள். "கேப்டன் சொன்னா சொன்னதுதான். நாளைக்கு இந்த வாய் எல்லாம் எங்க போவுதுன்னு பாக்கறேன்" என்று அறை முழுவதற்குமாகச் சொன்னாள்.

படியிறங்கும்போது அனுபமாவின் கோபம் நிமிர்ந்து நின்றது. தம்பியின் கை தன் கை அல்லவே என்ற எண்ணம் ஒரு மூலையில் முணுமுணுக்காமல் இல்லை. ஆனால் அடுப்பிலிருக்கும் பாலை ஒருவர் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் கதவைத் திறக்கப் போவது எந்த வீட்டில் இல்லை? குடும்பத்துக்குள் கை மாறுவது வேறு, கையே இல்லாமல் ஒரு கருவியை இடிக்கவிட்டுப் போவது வேறு. இந்த வேறுபாடுகூடத் தெரியாதவன் தன்னைப் பார்த்து மெஷின் என்கிறான்! வீடு வரும்வரை மனத்துக்குள் இளவரசனை அவள் பலமுறை தோற்கடித்தாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. "கை கழுவிட்டு உக்காரு, பொழுது போவுது" என்று அம்மா தர்மதேவி தட்டை வைத்தாள். அப்பா தன்யகுமார் ஊரில் வேர்க்கடலை அறுவடையைப் பார்க்கப் போயிருந்தார். தம்பி ஸ்ரேயாஸ் எதிரே வந்து சம்மணமிட்டான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. அக்காவின் வெற்றியைக் கல்லூரி முழுக்கச் சொல்லிவிட்டு வந்த களிப்பு முகத்தில் இருந்தது.

"நாளைக்கு என்கூட சென்டருக்கு வரணும் நீ. நான் சாப்பிடப் போனப்ப நீதான் அடிச்சேன்னு சடையண்ணாகிட்ட சொல்லணும். அந்த இளவரசன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

ஸ்ரேயாஸ் ரசத்துக்காகத் தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தினான். தர்மதேவி கரண்டியைச் சாய்த்தபடியே, "அவன் எங்கடி அடிச்சான்? நேத்து உன் எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டான். ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே போட்டேன்" என்றாள்.

அனுபமாவின் கை தட்டில் நின்றது.

அவன் எதிரேதான் இருந்தான். பீர்க்கங்காய்க் கூட்டு நன்றாக இருக்கிறதென்று இன்னொரு கரண்டி கேட்டான். அவள்தான் கிண்ணத்தை நகர்த்தினாள். அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதானே. அவனுக்கும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டாமா? அவன் வாய் மென்றுகொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து சம்மட்டியின் ஓசை வந்துகொண்டே இருந்தது. டொக். டொக். டொக். அந்த ஓசை அவளுக்குத் தெம்பாக இருந்தது. நிதானமாக இன்னொரு கவளம் எடுத்துக்கொண்டது அந்த ஓசையை நம்பித்தான். கண் தம்பியைப் பார்த்தது, காது சம்மட்டியைக் கேட்டது. இரண்டும் சந்தித்துக்கொள்ளாதபடி நடுவில் நின்று தடுத்தது யார்?

"என்னாடா வெச்ச?" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். நீ சரின்ன. எப்பிடின்னு நீ கேக்கவே இல்லியேக்கா."

"என்னாடா வெச்சன்னு கேட்டேன்."

"ஆட்டோ கிளிக்கர். சின்ன சாப்ட்வேர். ஓட வுட்டுட்டு வந்து உக்காந்தேன். எங்க காலேஜ்ல எல்லார்கிட்டயும் இருக்குது." பிறகு அவன் குரலும் உயர்ந்தது. "இன்னா கொலையா பண்ணிட்டேன்? அந்த கேம் கம்பெனியே வேலைக்காரக் குள்ளன் ஒருத்தன விக்கறான். காசக் கட்டினா அவன் தூங்காம இடிப்பான். அவன் வித்தா வசதி, நான் வெச்சா திருட்டா?"

"கம்பெனி ஆயிரம் விப்பான். கையாலதான்னு நாங்க பேசி ஒத்துக்கினோம்டா. அந்தப் பேச்சுதான் ஆட்டம். அத எடுத்துட்டா அங்க என்ன மிச்சம் இருக்குது, வெறும் டொக்கு டொக்கு."

"சரி, நான் கையால அடிச்சிருந்தா? அது மட்டும் உன் கையா? அதுக்கு ஒத்துக்கின இல்ல? எனக்கு பதிலா ஒரு மெஷின். ரெண்டுமே நீ இல்ல." அவன் முகத்தில் திடீரென ஒரு வெளிச்சம் வந்தது. வாதத்தில் வெல்லப்போகிறவனின் வெளிச்சம். "லீவுல ஊர்க் கோயில் பாடசாலைல சொல்லிக் குடுத்தாங்களே. செய்யறது, செய்விக்கறது, செஞ்சதுக்கு உடன்படறது, மூணும் ஒண்ணுன்னு. அப்ப மெஷின அடிக்க வெச்சா நான் அடிச்சதுதானே? என்ன வெச்சது நீ, அப்ப நீ அடிச்சதுதானே? கணக்கு சரியாப்போச்சு."

"அது பாவத்துக்குச் சொன்னதுடா!"

"பாவத்துக்கு ஒரு கணக்கு, கிளிக்குக்கு ஒரு கணக்கா?"

உயிர்க்கொலை பற்றியும் பொய் பற்றியும் சொல்லப்பட்ட ஒன்றை அவன் விளையாட்டுக்கு இழுத்துவந்து, செய்தவனைத் தப்புவிக்கும் ஓட்டையாக மாற்றிவிட்டான். ஒருவரும் தப்பக் கூடாதென்று சொல்லப்பட்ட சொல் அது. அவள் அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல வாயெடுத்தாள். மூன்றாவது இடத்துக்கு வந்ததும் நின்றாள். செய்தது கருவி. செய்வித்தவன் இவன். உடன்பட்டவள்? இன்னொரு கவளம் எடுத்துக்கொண்டவள்?

தர்மதேவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். விஷயம் முழுதும் புரிந்ததோ இல்லையோ, பெண்ணின் பெயருக்கு ஊரில் பங்கம் வரப்போகிறது என்பது புரிந்துவிட்டது. "நீ அவன இட்டுனு போவாத. உளறிடுவான். நான் வரேன். நீங்க சாப்பிடறப்ப நான்தான் உள்ள உக்காந்து அமுக்கினேன்னு சொல்றேன். நான் கடைசியிலதானே சாப்பிடுவேன், எல்லாருக்கும் தெரியும். ஒரு பொத்தான அமுக்க எனக்குத் தெரியாதா என்னா?"

அடக்கி வைத்ததெல்லாம் அப்போது உடைந்தது. "துணியில வடிகட்டித்தானே தண்ணி குடிக்கறே நீ? தண்ணிக்கு ஒரு வடிகட்டி, பொய்க்கு வேணாமா? புழு பூச்சிக்கெல்லாம் நோவக் கூடாது, எதிரணில அஞ்சு பேர் விரல் வீங்க அடிச்சிருக்காங்க, அவங்க மட்டும் ஏமாந்துட்டுப் போவட்டும், அப்படியா?"

தர்மதேவியின் முகம் கறுத்தது. அவளும் சும்மா விடுகிறவள் அல்லள். "எங்கிட்ட கத்தாத. வெளிய போயி சத்தியம் பண்ணிட்டு வந்தது நானா, நீயா?"

அனுபமா தட்டைப் பார்த்தாள். சோறு பாதியில் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பொழுது முற்றாகச் சாய்ந்துவிட்டிருந்தது. அம்மா தனக்கென்று இன்னும் தட்டே எடுத்திருக்கவில்லை. இனி எடுக்கவும் மாட்டாள். அதுவும் தன் கணக்கில்தான் சேர வேண்டும் என்று நினைத்தபோது அனுபமாவுக்கு யார்மேல் கோபம் என்பதே விளங்காமல் போயிற்று.

மறுநாள் மாலை ஸ்ரேயாஸின் வண்டியிலேயே போனார்கள். சென்டர் படியில் அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "நான் கையாலன்னே சொல்லிடறேன்க்கா. ஒரு வார்த்தைதானே. யாருக்குத் தெரியப்போவுது?" அவள் கையை உதறிக்கொண்டு ஏறினாள்.

இரண்டு அணிகளும் கூடியிருந்தன. மதிவதனி முன்னதாகவே வந்து, தன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தாள். அதில் அனுபமா உட்காரவில்லை.

"வாப்பா தம்பி" என்றார் சடையன். "பயப்படாத. அக்கா சாப்பிடப் போனப்ப மவுஸப் புடிச்சது நீதானே?"

ஸ்ரேயாஸ் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "ஆமாண்ணா, நான்..."

"அவன வுடுங்கண்ணா" என்றாள் அனுபமா. "கை இல்ல. மெஷின்தான். நேத்து நான் பண்ணினது பொய்ச் சத்தியம்."

எவரோ மேசைமேல் வைத்த தேநீர்க் கோப்பையின் ஓசை தனியாகக் கேட்டது. இளவரசன் எழுந்து நின்றான். வென்றவனின் முகம் அவனிடம் இல்லை. தான் எறிந்த கல் உண்மையாகவே ஒரு தலையில் பட்டுவிட்டதைப் பார்ப்பவன்போல் இருந்தான்.

சடையன் தாடையைத் தேய்த்தார். மாநிலப் போட்டிக்குத் தம் சென்டரிலிருந்து ஒரு பெண்ணின் அணி போகிறது என்று அவரும் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தார். "சரி. நடந்துபோச்சு. தம்பி தெரியாத்தனமா வெச்சிட்டான். உனக்குத் தெரியாம நடந்தது, அதானே? அப்படின்னா அந்த நேரத்து அடிய மட்டும் கழிச்சிடறேன். கழிச்சாலும் உங்க அணிதான் கொஞ்சம் ஜாஸ்தி நிக்குது, பாத்துட்டேன். ஆளுக்குத் தெரிஞ்சே நடந்திருந்தாத்தான் அந்த ஆளோட மொத்த அடியும் போவும். அப்படிப் போனா நீங்க தோத்தீங்க. அதனால யோசிச்சுச் சொல்லு. உனக்குத் தெரியாது. இல்லியா?"

வேண்டிய ஒரே சொல்லை அவரே எடுத்து அவள் கையில் வைத்துவிட்டார். திரும்பச் சொன்னால் போதும்.

"தெரியாதுன்னு சொல்லு அனு" என்றாள் மதிவதனி. குரலில் கெஞ்சலும் அதட்டலும் சம அளவில் இருந்தன. "நெஜமாவே உனக்குத் தெரியாதுதானே? தம்பி அடிக்கறான்னுதானே நெனச்ச?"

"அப்படித்தான் நெனச்சிக்கினேன்."

"அப்புறம் என்னா? சொல்லிட்டு வா."

"அவன் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கினு இருந்தான் மதி. உள்ள சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு. அவனையும் பாத்தேன், சத்தத்தையும் கேட்டேன். நல்லா இருந்துச்சு, அதான் கேக்கல. கேட்டிருந்தா எழுந்துபோயி நிறுத்தியிருக்கணும்." சடையன் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தெரியும்ணா."

"ஏய், அது தெரியறதா?" என்று இளவரசன் குறுக்கிட்டான். "பசியில சாப்பிடறப்ப யாரு அதெல்லாம் கவனிப்பா? அண்ணா, அவளுக்குத் தெரியாது. எழுதிக்கோங்க."

அவள் கோபம் முழுவதும் அவன்மேல் பாய்ந்தது. "நீ யாருடா எனக்கு மன்னிப்பு குடுக்க? திங்கக்கிழமை மதியம் எங்க போச்சு இந்த எரக்கம்? மெஷின்னு எழுதினல்ல? இப்ப மெஷின்னு நானே சொல்றேன், அதையும் ஒத்துக்க மாட்டியா? எனக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான். உன் தயவுல தெரியாமப் போவாது."

இளவரசன் உட்கார்ந்துவிட்டான். சடையன் கல்லாவரை நடந்து திரும்பி வந்தார். பிறகு, தம் விருப்பத்துக்கு மாறாகத் தம் வாயே பேசுவதுபோல, "அப்ப அனுபமாவோட அடி மொத்தமும் போச்சு. சென்னைக்கு இளவரசன் அணி" என்றார். ஒருவரும் கைதட்டவில்லை. வாட்ஸப்பில் சிரிப்பைச் சேர்த்த அவளுடைய அணிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டி முதலில் வெளியேறினான். மற்றவர்களும் எழுந்தார்கள்.

மதிவதனி மட்டும் எதிரே வந்து நின்றாள். அழவில்லை. அவள் உதடுகள் வெளுத்திருந்தன.

"உன் மனசு சுத்தமாவறதுக்கு எங்க விரல்தான் கெடச்சுதா?"

"மதி..."

"நீ ஏமாத்தினது எங்களுக்குத் தெரியாது. நீ சத்தியம் பண்ணினப்ப பக்கத்துல வந்து நின்னவ நான். கேப்டன் சொன்னா சொன்னதுதான்னு இத்தினி பேர் முன்னால சொன்னேன். இன்னிக்கு நீ வந்து உண்மையப் பேசிட்டே, நீ பெரிய மனுஷி. ஏமாத்தினதும் நீ, ஒத்துக்கினதும் நீ. ரெண்டுலயும் எங்கள ஒரு வார்த்தை கேட்டியா? இங்க வரதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போட்டியா?"

போடவில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இரவெல்லாம் தன் குற்றத்தையே புரட்டிப் புரட்டிப் பார்த்தவள், அந்தக் குற்றத்தில் இன்னும் நான்கு பேர் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்பதை ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

மதிவதனி படியிறங்கினாள். ஸ்ரேயாஸ் "அக்கா, வுடுக்கா" என்று கூப்பிட்டதைக் கேளாமல் அனுபமா பின்னாலேயே ஓடினாள். கீழே காபிக் கடை வாசலில் மதிவதனி ஸ்கூட்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அனுபமா முன்சக்கரத்துக்கு எதிரே போய் நின்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டு. நல்லா திட்டிட்டுப் போ. அறையணும்னா அறை."

"கைய எடு."

"எதுனா சொல்லு மதி. இப்படிப் போவாத."

"திட்டினா உனக்கு ஆறிடும்" என்றாள் மதிவதனி. "அதுக்குத்தான் வந்து நிக்கற. திட்ட மாட்டேன்."

ஆட்டோ ஒன்று பின்னால் ஹார்ன் அடித்தது. காவி உடுத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் இருவரையும் சுற்றிக்கொண்டு கடந்து போனார். அனுபமா கையை எடுத்தாள். ஸ்கூட்டி செங்கம் சாலையின் நெரிசலில் ஒரு பேருந்தின் பின்னால் நுழைந்து மறைந்தது. மேலே ஜன்னலில் ஸ்ரேயாஸின் தலை தெரிந்தது. அவனைப் பார்த்துக் கத்த வேண்டும்போல் இருந்தது; கத்துவதற்கான சொல் ஒன்றும் அவளிடம் மிஞ்சவில்லை. கோபம் மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது.